கஞ்சா வேப்பரைசர் ஏன் அடைக்கிறது, அதைக் கொழும்புக்குக் கொண்டு வரலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் உங்கள் அண்ணாவுக்கு முதுகுத்தண்டு சத்திரசிகிச்சைக்குப் பிறகு காலில் நரம்பு வலி. அங்குள்ள வைத்தியரின் பத்திரத்தோடு கஞ்சாச் செறிவை, அதாவது வாக்ஸ் என்று சொல்லும் மெழுகை, கையடக்க வேப்பரைசரில் ஆவியாக்கி இழுக்கிறார். இப்போது கருவி அடிக்கடி அடைக்கிறது, கருகிய சுவை வருகிறது, இருமுகிறார். டிசம்பரில் மூன்று கிழமைக்கு வெள்ளவத்தைக்கு வருகிறார். 'பாமசியில் விற்கும் ஸ்பிரிட்டால் கழுவலாமா?' என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் அதற்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: அதைக் கையோடு கொண்டு வந்தால் என்ன ஆகும், இது அவருடைய நெஞ்சுக்கு ஆகுமா? ஸ்பிரிட் கேள்விக்குப் பதிலைப் பிறகு சொல்கிறேன். பயணம் பற்றியதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் தவறினால் சரிசெய்ய வழி இல்லை.

நான் மருந்தாளர். ரொறன்ரோவில் பல வருடங்கள் பாமசியில் வேலை செய்துவிட்டு இப்போது கொழும்பில் இருக்கிறேன். மருத்துவக் கஞ்சா பாவிக்கும் நோயாளிகளிடம் இந்தக் கருவிகளைப் பற்றிப் பேசுவது அங்கே என் அன்றாட வேலையில் ஒரு பகுதி. சட்டத்தரணி இல்லை, உங்கள் அண்ணாவைப் பார்த்ததும் இல்லை. அவருடைய அளவு எவ்வளவு என்பது அவருக்கும் அவருடைய வைத்தியருக்கும் இடையிலான விஷயம். அதில் நான் கை வைக்கமாட்டேன்.

கொண்டு வரலாமா என்றால், வேண்டாம். மெழுகும் வேண்டாம், மெழுகு பட்ட கருவியும் வேண்டாம். இலங்கையில் கஞ்சா 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. வைத்திருப்பதும் நாட்டுக்குள் கொண்டுவருவதும் குற்றம். ஆயுர்வேத மருந்து தயாரிப்புக்கு மட்டும் அனுமதியின் பேரில் ஒரு வழி உண்டு. கஞ்சா சேரும் ஆயுர்வேத மருந்தான மதன மோதகம் இங்கே தெரிந்த பெயர் என்பதால் 'மருந்துக்குத்தானே, பரவாயில்லை' என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வழி உள்நாட்டு ஆயுர்வேத முறைக்கு உரியது. கனேடிய வைத்தியர் எழுதிய கடிதத்துக்கு இங்கே எந்தச் சட்ட வலுவும் இல்லை. ஏற்றுமதிக்காகக் கஞ்சா வளர்க்க முதலீட்டாளர்களுக்கு அனுமதி என்று செய்தி வந்ததையும் சிலர் காட்டுவார்கள். அது வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு, இங்கே இழுப்பதற்கு அல்ல.

'கழுவித் துடைத்துவிட்டு வெறும் கருவியை மட்டும் கொண்டு வந்தால்?' என்று அடுத்து கேட்பீர்கள். செறிவு என்பது பிசின். எவ்வளவு கழுவினாலும் திருகும் இடத்திலும் ரப்பர் வளையத்துக்கு அடியிலும் மணமும் எச்சமும் நிற்கும். மோப்ப நாய்க்கு அது தாராளமாகப் போதும். அதோடு பயணம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. கனடாவில் கஞ்சா 2018 ஒக்டோபர் 17 முதல் சட்டபூர்வம்தான், ஆனால் அதை எல்லை கடந்து கொண்டுபோவது கனேடியச் சட்டத்திலேயே குற்றம். மருத்துவப் பத்திரம் இருந்தாலும் அப்படித்தான். ரொறன்ரோவிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் டுபாயிலோ டோஹாவிலோ விமானம் மாறுகிறார்கள், அந்த நாடுகளின் போதைப்பொருள் சட்டமும் மிகக் கடுமையானது. சென்னை வழியாக வந்தால் கஞ்சாச் சட்டம் தவிர, 2019இல் மின்சிகரெட்டையே தடைசெய்த சட்டமும் இருக்கிறது. சிங்கப்பூர் வழி என்றால் சொல்லவே வேண்டாம். பத்திரம் செல்லுபடியாவது ரொறன்ரோ விமான நிலையக் கதவு வரைக்கும்தான்.

ஆகவே உண்மையில் யோசிக்க வேண்டியது அந்த மூன்று கிழமையை அவர் எப்படிக் கடப்பது என்பதுதான். இதை யாரும் கேட்பதில்லை, வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள்தான் தெரியவருகிறது. தினமும் செறிவு பாவிப்பவர் திடீரென்று நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை, விசித்திரமான கனவுகள் எல்லாம் வரும். பொதுவாக முதல் ஓரிரு நாளில் தொடங்கி, முதல் கிழமைக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு கிழமை அளவில் அடங்கும். தூக்கம் மட்டும் சிலருக்கு இன்னும் கொஞ்ச நாள் குழம்பும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஜெட்லாக்கும் சேர்ந்தால் அண்ணா ஏன் எல்லோரிடமும் எரிந்து விழுகிறார் என்று வீட்டில் குழப்பம் வரும். பயணத்துக்கு மூன்று, நான்கு கிழமைக்கு முன்பே அவர் தன் வைத்தியரிடம் பேசி அளவைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கினால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

அந்த நேரத்திலேயே நரம்பு வலிக்கு வேறு மருந்தும் கேட்கட்டும். கபபென்டின், டுலொக்செட்டின், அமிட்ரிப்டிலின் எல்லாம் வழமையாக எழுதுபவை, இங்கும் கிடைப்பவை. பிரிகபலினும் வேலை செய்யும், ஆனால் இங்கே அது போதைக்காகவும் விற்கப்படுவதால் பொலிஸ் கண்ணில் படும் மருந்து. கொண்டு வந்தால் பாமசி லேபல் ஒட்டிய போத்தலிலேயே, மருந்துச் சீட்டோடு, தேவையான அளவு மட்டும். நபிலோன் என்ற, கஞ்சாவின் வேதிப்பொருளைப் போலச் செயற்கையாகத் தயாரித்த குளிசையை வைத்தியர் மாற்றாக எழுதக்கூடும். அதுவும் கட்டுப்பாட்டு மருந்து, ஆகவே இங்குள்ள ஒளடத ஒழுங்குமுறை அதிகாரசபையிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வராமல் பெட்டியில் வைக்கக்கூடாது. இன்னொரு விஷயம்: மூன்று கிழமை இடைவெளிக்குப் பிறகு உடலின் தாங்குசக்தி இறங்கியிருக்கும். திரும்பிப் போன அன்றே பழைய அளவை இழுத்தால் தலைசுற்றும், நெஞ்சு படபடக்கும், பயம் பிடிக்கும். பழைய அளவில் சிறு பங்கிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

சரி, இப்போது கருவி. இனிச் சொல்வதெல்லாம் அண்ணா ஸ்காபரோவில் செய்ய வேண்டியவை, நீங்கள் தொலைபேசியில் சொல்லிவிடலாம். அடைப்பு, கருகல், இருமல் மூன்றும் தனித்தனிக் கோளாறு போலத் தெரியும். என் அனுபவத்தில் பெரும்பாலும் ஒரே வேர்தான்: சூடும் அதிகம், மெழுகும் அதிகம். மெழுகைச் சூடாக்கும் சிறு கிண்ணத்தில் ஆவியாகும் பகுதி போய்விடும், ஆவியாகாத பகுதி தங்கும். அடுத்த முறை அந்த எச்சத்தின் மேலேயே புதுமெழுகு வைத்தால் எச்சம் இரண்டாம் முறை வேகிறது, பிறகு மூன்றாம் முறை. அதுதான் கருகிய சுவை. மேலே போகும் ஆவி குளிர்ந்த ஒடுங்கிய குழாயில் பட்டுத் திரும்பப் பிசினாகிறது. அதுதான் அடைப்பு. அடைத்த குழாயில் பலமாக உறிஞ்சும்போது உருகிய மெழுகு கிண்ணத்தை விட்டு மேலே ஏறிவிடும், அடைப்பு இன்னும் கூடும். ஆகவே அடைத்தால் பலமாக இழுக்கவே கூடாது. குறைந்த சூட்டில் சில நொடி சூடேற்றினால் பிசின் இளகும், பிறகு மெதுவாக இழுத்தால் வழி திறக்கும்.

சூடு எவ்வளவு என்பதில் இணையம் முழுக்க ஓர் எண் சுற்றுகிறது: கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. 157 பாகை செல்சியஸில் ஆவியாகும் என்று. அந்த எண் ஆய்வுகூடத்தில் மிகக் குறைந்த அழுத்தத்தில், கிட்டத்தட்ட வெற்றிடத்தில், அளந்தது. சாதாரணக் காற்றில் அப்படியே பொருந்தாது. அதற்குக் குறைவான சூட்டில் கொஞ்சமும் கூடின சூட்டில் நிறையவும் ஆவியாகும், ஒரு கோடு கீறியதுபோல எல்லை எதுவும் இல்லை. அண்ணாவின் கருவி திரையில் பாகை காட்டினாலும் அது பெரும்பாலும் சூடாக்கியின் வெப்பம், மெழுகின் வெப்பம் அல்ல. பேனா வகைகளில் பாகையே இருக்காது, வோல்ட்தான். வோல்ட்டை வைத்து ஒரு கருவியை இன்னொன்றோடு ஒப்பிடவும் முடியாது: 3 வோல்ட்டில் 1 ஓம் கொயில் (சூடாக்கும் கம்பிச்சுருள்) 9 வாட் தரும், அதே 3 வோல்ட்டில் அரை ஓம் கொயில் 18 வாட் தரும். நண்பர் சொன்ன எண்ணைக் கேட்டு வைக்காமல், தன் கருவியின் ஆகக் குறைந்த நிலையில் தொடங்கி, ஆவி வரும் அளவுக்கு மட்டும் ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். மேகம் போலப் புகை வருவதுதான் சரியான அடையாளம் என்று நினைக்கிறார்கள். பெரிய மேகமும் தொண்டைக் கடுப்பும் சூடு கூடிவிட்டது என்பதைத்தான் காட்டுகின்றன.

இதை நான் அழுத்திச் சொல்வது ருசிக்காக அல்ல. கஞ்சாவுக்கு மணம் தரும் டெர்பீன்கள் கடும் சூட்டில் உடைந்து வேறு பொருளாகும். ஓரிகனில் உள்ள போர்ட்லாந்து அரச பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 2017இல் இதை அளந்து காட்டினார்கள். சூடு ஏற ஏற மெத்தக்ரோலின் என்ற எரிச்சலூட்டும் பொருள் கூடியது, மிக உயர்ந்த சூட்டில் புற்றுநோய் தரும் பென்சீனும் வந்தது. குறைந்த சூட்டில் இவை குறையும் என்பது உறுதி. குறைந்த சூட்டில் வருடக்கணக்காக இழுத்தால் நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாதா என்பது உறுதி இல்லை, ஏனென்றால் அவ்வளவு காலம் தொடர்ந்து பார்த்த நல்ல ஆய்வுகள் செறிவுகளுக்கு இல்லை. 'புகைப்பதைவிட நல்லது' என்பதை 'பாதுகாப்பானது' என்று யாராவது மாற்றிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. ஓர் அரிசி மணியின் எடை ஏறக்குறைய 20 மில்லிகிராம். அந்த அளவு மெழுகில் 70 வீதம் டி.எச்.சி. இருந்தால் 14 மில்லிகிராம். கனடாவில் விற்கும் ஒரு கஞ்சா இனிப்புப் பொதியில் மொத்தமே 10 மில்லிகிராம்தான் அனுமதி. உண்பதும் இழுப்பதும் உடலில் ஒரே மாதிரி வேலை செய்யாது, ஆனாலும் கையில் இருப்பது எவ்வளவு செறிந்த பொருள் என்பது புரியும். அரை அரிசி அளவு, கிண்ணத்தின் நடுவில், கொயிலைத் தொடாமல். மெதுவாக ஐந்தாறு நொடி இழுத்து உடனே வெளியே விடுவது. மூச்சை அடக்கி வைத்தால் பலன் கூடும் என்பது பழைய நம்பிக்கை, இருமல்தான் கூடும். இழுத்ததன் பலன் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அதனால் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை யோசிக்கலாம்.

இனி உங்கள் ஸ்பிரிட் கேள்வி. கொழும்புப் பாமசிகளில் கேட்டால் கிடைப்பது சேர்ஜிக்கல் ஸ்பிரிட். பிரித்தானிய முறைப்படி தயாரிக்கும் அந்த ஸ்பிரிட்டில் அல்கஹாலோடு ஆமணக்கெண்ணெய், மெதில் சலிசிலேட், டைஎதில் தாலேட் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். தோலில் தடவ அது சரி. சூடாகி நுரையீரலுக்குள் போகும் கிண்ணத்தில் அந்த எண்ணெய் ஒரு படலமாகத் தங்கும். ஆகவே இங்கேயும் வேண்டாம், அங்கேயும் அதைப் போன்ற எதுவும் வேண்டாம். தேவையானது சுத்தமான ஐசோப்ரோபைல் அல்கஹால், 90 வீதத்துக்கு மேல், முடிந்தால் 99. ரொறன்ரோவில் எந்தப் பாமசியிலும் கிடைக்கும். 70 வீதமும் அழுக்கை எடுக்கும், ஆனால் மீதி தண்ணீர். பிசின் தண்ணீரில் கரையாது, மின்தொடர்பு உள்ள இடத்தில் தண்ணீர் தங்குவதும் நல்லதல்ல.

ஒவ்வொரு முறையும் பாவித்து முடித்து, கிண்ணம் சூடு ஆறி இளஞ்சூட்டில் இருக்கும்போதே காய்ந்த பஞ்சுக் குச்சியால் ஒருமுறை சுற்றித் துடைத்துவிட வேண்டும். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. இதை மட்டும் ஒழுங்காகச் செய்பவருக்கு மற்றச் சுத்தம் அரிதாகத்தான் தேவைப்படும். அப்புறம் கிழமைக்கு ஒருமுறை முழுச் சுத்தம். முதலில் பற்றரியைக் கழற்றித் தள்ளி வைக்க வேண்டும், பற்றரிப் பகுதியில் ஒரு துளி திரவமும் ஊற்றக்கூடாது. கண்ணாடி, குவார்ட்ஸ், செரமிக் பாகங்களை அல்கஹாலில் ஊறவிடலாம். பிளாஸ்டிக் வாய்க்குழாயையும் சிலிக்கோன் வளையங்களையும் ஊறவிடக்கூடாது. சில பிளாஸ்டிக்கில் விரிசல் விழும், சிலிக்கோன் ஊதிவிடும். அவற்றுக்கு இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் போதும். கொயில் வெளியே தெரியும் வகை என்றால் குச்சியின் நுனியை நனைத்துத் தொட்டெடுப்பது மட்டும், கத்தியாலோ ஊசியாலோ சுரண்டக்கூடாது. செரமிக்கில் ஒரு கீறல் விழுந்தாலும் அதற்குள் எச்சம் உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் கருகும்.

கழுவியதை முழுக்கக் காயவிடுவதில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். ஐசோப்ரோபைல் ஆவி 12 பாகையிலேயே தீப்பற்றும் அளவுக்குச் சேரக்கூடியது, அறை வெப்பம் அதைவிட எவ்வளவோ கூட. ஈரமான கிண்ணத்தைச் சூடாக்கினால் தீப்பற்றலாம். யன்னல் திறந்த இடத்தில், அடுப்பு, மெழுகுதிரி, சிகரெட் பக்கத்தில் இல்லாமல் கழுவி, சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு விட வேண்டும். பிறகு வெறுங்கிண்ணத்தை ஓரிரு முறை சூடாக்கி, அதை இழுக்காமல் காற்றில் விட வேண்டும். கழுவிய அல்கஹாலில் கரைந்திருப்பதும் கஞ்சாதான், அதைப் பிள்ளைகள் எட்டும் இடத்தில் போத்தலில் வைத்திருக்கக்கூடாது.

இத்தனைக்கும் பிறகு கருகிய சுவை போகவில்லை என்றால் கொயில் பகுதியின் ஆயுள் முடிந்துவிட்டது. அது தேயும் பாகம், மாற்றத்தான் வேண்டும். உங்கள் விபரத்தைப் பார்த்தால் அண்ணாவுடையது அந்த நிலைக்கு வந்திருக்கலாம் என்றே படுகிறது. விளக்கு மினுங்கிச் சூடாகாமல் நின்றால், கொயிலைக் குறை சொல்ல முன் திருகும் இடத்தின் நடுமுனையைக் காய்ந்த குச்சியால் துடைத்துப் பார்க்கட்டும். பெரும்பாலும் அங்கே பிசின் கசிந்து தொடர்பை மறைத்திருக்கும். பற்றரி பற்றி அதிகம் சொல்ல இல்லை: கருவியோடு வந்த சார்ஜர், தூங்கும்போது சார்ஜில் விடாமை, உறை கிழிந்த அல்லது வீங்கிய பற்றரியை உடனே பாவனையிலிருந்து எடுத்தல்.

கருவியைவிட அதற்குள் போவது முக்கியம். 2019இல் அமெரிக்காவில் வேப் பாவித்தவர்களுக்கு நுரையீரல் பழுதடைந்த சம்பவங்களில் 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் வைத்தியசாலையில் சேர்ந்தோ இறந்தோ பதிவானார்கள், அவர்களில் இறந்தவர்கள் 68. முக்கியக் காரணமாக அடையாளம் கண்டது, கள்ளச்சந்தைக் கஞ்சா எண்ணெய்க் குப்பிகளில் கலந்திருந்த விட்டமின் ஈ அசிட்டேட். 51 நோயாளிகளின் நுரையீரல் திரவத்தைச் சோதித்ததில் 48 பேரிடம் அது இருந்தது. இதை உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'கனடாவிலிருந்து கொண்டு வர முடியாவிட்டால் பரவாயில்லை, கொழும்பிலேயே ஒருவர் குப்பி தருவார்' என்று யாராவது உறவினர் சொல்லக்கூடும். லேபல் எதுவாக இருந்தாலும், அதற்குள் இருப்பது கஞ்சா எண்ணெயா, செயற்கைப் போதைப்பொருளா, வேறு எண்ணெயா என்று பார்த்துச் சொல்ல எந்த வழியும் இல்லை. சட்டத்தை மறந்துவிட்டாலும்கூட இந்த ஒன்றுக்காகவே வேண்டாம் என்பேன்.

நெஞ்சுக்கு ஆகுமா என்பதற்கு நேரான பதில்: நரம்பு வலிக்குக் கஞ்சா சிலருக்குக் கொஞ்சம் உதவுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் குறைந்த செறிவுக்கானது. 2013இல் கலிபோர்னியாவில் 39 நோயாளிகளிடம் செய்த பரிசோதனையில் ஆவியாக்கிக் கொடுத்த கஞ்சாவின் டி.எச்.சி. 1.29 வீதமும் 3.53 வீதமும்தான், அதற்கே வலி குறைந்தது. அண்ணா பாவிப்பது 70, 80 வீதம். கூடின செறிவு கூடின நிவாரணம் தரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. தாங்குசக்தி விரைவாக ஏறுவதும், சிலருக்கு மனக்குழப்பமும் இதயப் படபடப்பும் வருவதும் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன. எப்படியும் பயணத்துக்காக அளவைக் குறைக்கப்போகிறார், அந்த வாய்ப்பில் மெழுகை விட்டுக் குறைந்த அளவு கஞ்சாப் பூவுக்கோ வாயில் எடுக்கும் எண்ணெய்க்கோ மாற முடியுமா என்று வைத்தியரிடம் கேட்டுப் பார்க்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சலோடு இருமல் என்று எது வந்தாலும் கருவியைக் கழுவிப் பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும், போய் வேப் பாவிப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்டுப் பாருங்கள்: அண்ணா இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் எடுக்கிறாரா? கஞ்சா வாபரினின் அளவை உடலில் ஏற்றக்கூடியது. அதனால் திடீரென்று நிறுத்தும்போது மறுபக்கமாக மருந்தின் வேலை குறைந்துவிடலாம். அப்படி என்றால் விமானம் ஏற முன் ஒருமுறையும் கொழும்பு வந்து ஒரு கிழமைக்குள் இன்னொரு முறையும் ஐ.என்.ஆர்., அதாவது இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை, பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனையை வெள்ளவத்தையிலேயே பல ஆய்வுகூடங்களில் செய்துகொள்ளலாம்.